பொறிக்கும் இடம் உண்டு

வாளும் மந்திரமும் ஆட்சி செய்யும் வீடியோ விளையாட்டு உலகில் இயந்திரத்திற்கு இடமில்லை என வாதிடுவோர் உளர். ரயிலும் தொலைபேசியும் நுழைந்தால் கனவு கலைந்துவிடும் என்பது அன்னாரின் அச்சம். பழமையின் தூய்மையைக் காக்க எழுந்த குரல்போல் ஒலிக்கும் இவ்வாதம், உண்மையில் பழமையை அறியாமையால் பிறந்ததே ஆகும்.

இத்துறையின் தொடக்ககாலப் படைப்புகளுள் ஒன்றான ‘அல்டிமா’ 1981இல் வெளிவந்தது. வாளேந்திப் புறப்படும் அதன் வீரன், விண்கலத்தில் ஏறிப் போர் புரிந்து, கால இயந்திரத்தில் பயணம் செய்த பின்னரே கொடிய மந்திரவாதியை வெல்கிறான். 1987இல் வந்த முதல் ‘ஃபைனல் ஃபேன்டசி’யிலும் வான்கப்பல் பறக்கிறது. அவ்வாறாயின், இயந்திரம் தீண்டாத அந்தத் தூய பொற்காலம் எங்கே இருந்தது?

தமிழ் படித்தோர்க்கு இதில் வியப்பேதுமில்லை. சீவக சிந்தாமணியில், சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியில் ஏறியன்றோ கருவுற்ற விசயை பகைவரிடமிருந்து தப்புகிறாள்! அப்பொறி இல்லையேல் சீவகன் இல்லை. சீவகன் இல்லையேல் காப்பியமும் இல்லை. முடிமன்னர் உலகில் பறக்கும் பொறியை வைக்கத் திருத்தக்கதேவர் தயங்கினாரில்லை. பொறியை நீக்கினால் கதை நிற்குமா? இவ்வொரு வினாவே தக்க உரைகல்லாகும்.

1997இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி 7’ஐ இதில் உரைத்துப் பார்க்கலாம். அதில் ஒரு நிறுவனம் உலைகளை நிறுவி, கோளின் உயிராற்றலையே உறிஞ்சி நகருக்கு மின்சாரம் வழங்குகிறது. விளக்கு எரிய, நிலம் வாடுகிறது. உலைகளை அகற்றினால் வீரர்தம் போராட்டத்திற்குக் காரணமே இல்லாமற் போகும். 2017இல் வந்த ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’டில் நாயகன் கையில் வரைபடம் காட்டும் பலகை ஒன்றுண்டு. ஆயினும், உயர்ந்த கோபுரங்களில் அவன் ஏறினாலன்றி அவ்வரைபடம் நிரம்புவதில்லை. அக்கருவி அவனைச் சோம்பேறியாக்காமல் மலையேற ஏவுகிறது.

இனி, 2016இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி 15’ஐ நோக்குக. கடைகளில் விற்கும் குவளை நூடில்ஸ் அவ்வுலகத்துத் தெருவிலும் விளம்பரமாய் நிற்கிறது. அதன் சுவையைப் போற்றவே வீரர்க்கு ஒரு பணியும் தரப்படுகிறது. அதனை நீக்கினால் கதையில் ஓர் இலையும் அசையாது. கனவைக் கலைத்த குற்றவாளி இங்கே வாணிகமே; பழியோ இயந்திரத்தின்மேல் விழுகிறது.

நாள்தோறும் விசையைத் தட்டி ஒளி பெறும் இளைஞன், அவ்வொளிக்கு விலை கொடுப்பவர் யார் என்று எண்ணிப் பார்க்கக் கற்பனை உலகமும் ஒரு களமாகும். பொறியை முற்றும் விலக்குவோர் அக்களத்தையே மூடிவிடுகின்றனர். வாயிலில் காவல் வேண்டியதுதான். காவலர் தடுக்க வேண்டியது விளம்பரச் சுமையோடு வருபவனை. மயிற்பொறிக்கு வழி விடுக!