பானை வகுப்பில் யாருடைய கை?

கடந்த ஆண்டு களஆய்வுக்காக ஒரு மாற்றுப் பள்ளிக்குப் போயிருந்தேன். வாசல் பலகையிலேயே அவர்களுடைய கல்விக் கொள்கையை எழுதி வைத்திருந்தார்கள்: குழந்தை தன் கைகளால் கற்கிறது. தேர்வு கிடையாது, சீருடை கிடையாது, வகுப்பு மரத்தடியில். ஆசிரியர்களை அக்கா, அண்ணா என்றுதான் பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். உண்மையைச் சொன்னால் பொறாமையாக இருந்தது. நான் படித்த பள்ளியில் பிரம்புதான் கல்விக் கொள்கை.

அன்று பானை வகுப்பு. பக்கத்து ஊரிலிருந்து வாரம் இரண்டு நாள் வரும் ஒரு பெரியவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, களிமண்ணை நடுவில் நிறுத்துவது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவரைப் பானைத் தாத்தா என்கிறார்கள். வராந்தாவில் ஆசிரியர்களின் புகைப்படங்கள் 14 மாட்டியிருந்தன. அவருடையது அதில் இல்லை.

பேரன் இங்கேதான் படிக்கிறானா என்று அவரிடம் கேட்டேன். சிரித்தார். "நம்மால இங்க ஃபீஸ் கட்ட முடியுமா தம்பி? அவன் கவர்மெண்ட் ஸ்கூல்ல எட்டாவது. அதோட, எம் பேரன் எதுக்குப் பானை செய்யக் கத்துக்கணும்? அவன் கணக்கு படிக்கட்டும்" என்றார்.

பலகையில் இருந்த கொள்கைக்கு இதைவிட நேர்மையான விமர்சனத்தை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. பெங்களூரில் கட்டடக்கலை படிக்கப்போகும் குழந்தைக்குக் களிமண் ஓர் அனுபவம். அவர் பேரனுக்கு அது தப்பிக்க வேண்டிய இடம்.

எங்கள் வீட்டிலும் இப்படியொரு கதை உண்டு. 1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் புதிய கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது என் தாத்தாவுக்கு ஒன்பது வயது. பள்ளியில் மூன்று மணி நேரம், மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பெரியாரும் தி.மு.க.வும் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்த திட்டம் அது. என் பூட்டனின் தொழில் பண்ணையார் வீட்டு மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளுவது. அதைக் கற்க அரை நாள் தேவையில்லை. ஆனால் அரை நாளும் அள்ள வேண்டியிருந்தது. 1954இல் காமராசர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது. தாத்தா மட்டும் முழுநாள் பள்ளிக்குத் திரும்பவில்லை. ஒரு வருடம் கொட்டகைக்குப் பழகிய கையைப் பண்ணையார் விடுவாரா?

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும் ராஜாஜியின் திட்டமும் ஒன்றல்ல. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரு கைத்தொழிலைக் கற்க வேண்டும், அதன் வழியாகவே மற்ற பாடங்களையும் கற்க வேண்டும் என்பது காந்தியின் யோசனை. அப்பன் தொழிலை மகன் கற்க வேண்டும் என்பது ராஜாஜியின் யோசனை. நம் தோழர்களில் பலர் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள், அது தவறு. ஆனாலும் காந்தியின் யோசனையில் ஒரு கேள்விக்குப் பதில் இல்லை. நூல் நூற்பதற்கு மதிப்புக் கொடுக்கலாம், சரி. அந்த வேலையை விட்டு வெளியேறும் உரிமை யாருக்கு எளிதாகக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை?

ஜோதிராவ் புலே 1882இல் ஹண்டர் ஆணையத்துக்குக் கொடுத்த மனுவில் கிராமப் பள்ளிகளில் வேளாண்மையின் அடிப்படைகளையும் கற்றுத்தரச் சொன்னார். அவரும் உழைப்பை வகுப்பறைக்குள் கொண்டுவந்தவர்தான். ஆனால் கணக்கு, வரலாறு, புவியியல், இலக்கணத்தோடு சேர்த்துத்தான் அதைக் கேட்டார். 12 வயதுவரை கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னார். இன்னொன்றும் கேட்டார்: ஆசிரியர்கள் கூடுமானவரை உழவர் வகுப்பிலிருந்தே வர வேண்டும். நமது மாற்றுப் பள்ளிகள் வசதியாக மறந்துவிடும் வரி அதுதான்.

புலே தொடங்கிய பள்ளி என்ன கற்றுத்தந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வாசல் பலகையைத் தேட வேண்டியதில்லை. அங்கே மூன்று ஆண்டுகள் படித்த முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதயா' இதழில் வந்தது. வேதம் பார்ப்பனர்களுக்கு மட்டும்தான் என்றால் எங்கள் மதம் எது என்று அதில் கேட்டாள். கூரைகூட இல்லாமல் மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் தன் சமூகத்துப் பெண்களைப் பற்றி எழுதினாள். தன் நிலைமைக்குக் காரணம் கேட்க ஒரு பள்ளி மூன்றே ஆண்டுகளில் கற்றுத்தந்திருக்கிறது.

நான் போன பள்ளியின் ஒருங்கிணைப்பாளரிடம் சாதியைப் பற்றி வகுப்பில் பேசுவீர்களா என்று கேட்டேன். நல்ல மனுஷிதான். "நாங்க சாதியை உள்ளேயே கொண்டுவர்றதில்ல, குழந்தைங்களுக்கு அது தெரியவே தெரியாது" என்றார் பெருமையாக. 14 புகைப்படங்களைத் தாண்டித்தான் அவருடைய அறைக்கு வந்திருந்தேன்.

பானை வகுப்பை மூடச் சொல்லவில்லை. காஞ்ச அய்லய்யா குழந்தைகளுக்காக எழுதிய 'டர்னிங் த பாட், டில்லிங் த லேண்ட்' குயவர், சலவைத் தொழிலாளர், தோல் தொழிலாளர், நாவிதர் ஆகியோரின் வேலைகளை அறிவியலாகவே பார்க்கிறது. அந்த அறிவை வைத்திருந்தவர்களை ஏன் இழிவாக நடத்தினார்கள் என்றும் அதே புத்தகம் பேசுகிறது. இப்படியும் ஒரு பானை வகுப்பு நடத்தலாம். பெரியவருக்கு மற்ற ஆசிரியர்களுக்கு இணையான சம்பளம், சுவரில் அவர் பெயரோடு ஒரு புகைப்படம், அவர் பேரனுக்குக் கட்டணமில்லாமல் ஓர் இடம். அவன் சக்கரத்தைத் தொடவே மாட்டேன் என்றால் கணக்கு வகுப்பிலேயே உட்காரட்டும்.

இதையெல்லாம் எழுதி அந்தப் பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. என் ஆய்வேட்டு அட்டவணையில் அந்தப் பள்ளியின் ஆசிரியர் எண்ணிக்கையை 15 என்று திருத்திவிட்டேன்.