ஏலம் போன மலையும் எழுந்து நின்ற ஊர்களும்

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்திலே அரிட்டாபட்டி என்றோர் ஊர். சூழவும் ஏழு குன்றுகள். குன்றின் மடியிலே சுனைகள். சுனைநீர் வழிந்து நிறையும் ஏரிகள். சமண முனிவர் தங்கிய கற்படுக்கை அங்கே; ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட தமிழி எழுத்து அங்கே; பாண்டியர் காலக் குடைவரை அங்கே! வல்லூறு வட்டமிடும் அந்த வானத்தின்கீழ் அழுங்கும் தேவாங்கும் இன்னமும் வாழ்கின்றன. 2022 நவம்பரில் தமிழ்நாட்டரசு அங்கு 193 ஹெக்டேர் பரப்பைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமென அறிவித்தது. மாநிலத்தில் அச்சிறப்பை முதன்முதல் பெற்ற மண் அதுவே.

அறிவித்து ஈராண்டு நிறையவில்லை. 2024 நவம்பரில், அத்தலத்தையும் அக்கம்பக்கத்து ஊர்களையும் உள்ளடக்கி, 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கென ஏலம் போயிற்று! எவ்வாறு போயிற்று? 2023-இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, 24 வகை முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு தன் கைக்குள் வைத்துக்கொண்டது. அவற்றுள் டங்ஸ்டனும் ஒன்று. டங்ஸ்டனே வேண்டாம் என்று நாம் வாதாட வரவில்லை. எஃகைக் கடினமாக்க அது தேவைதான். எந்த மலையைப் பிளந்து எடுப்பது என்பதை, அம்மலையடியில் வாழ்வோரைக் கேளாமலே முடிவு செய்வதா என்பதே வழக்கு.

ஊரார் கிளர்ந்தெழுந்தனர். டிசம்பர் 9-இல் சட்டமன்றம் ஏலத்தை நீக்கக் கோரித் தீர்மானம் இயற்றிற்று. தலத்தை மட்டும் விலக்கி எல்லையை மாற்றலாமா என ஆராய்வதாக டில்லி சொல்லிப் பார்த்தது. சுனையை விட்டுவிட்டுச் சுனைக்கு நீர் வரும் வழியைத் தோண்டினால் சுனை என்னாகும்? ஏமாறவில்லை மக்கள். 2025 சனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கி ஆயிரமாயிரமாய் நடந்தனர். சனவரி 23-இல் ஏலம் ரத்தாயிற்று.

வெற்றிதான், தோழர்களே! ஆனால் ரத்தானது ஓர் ஏலம், சட்டமன்று. அதே ஆண்டு செப்டம்பரில், முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பே வேண்டியதில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்களித்தது. கேட்டால்தானே மறுப்பார்கள், கேட்காமலே விட்டுவிடுவோம் என்ற கெட்டிக்காரத்தனம்! மேலூரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். நூறு வீடுகளே உள்ள மலையூர் யாரைத் திரட்டும்?

பல்லுயிர்ச் சட்டம் 2002-இல் வந்தது. அதையும் 2023-இல் திருத்தி, மீறுவோர்க்குச் சிறை என்பதை நீக்கிப் பணத் தண்டத்தோடு நிறுத்திவிட்டனர். எனினும் ஒன்று எஞ்சியிருக்கிறது. ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும் என்பது அச்சட்டம். அப்பதிவேடு சுரங்கத்தைத் தடுத்துவிடாது. ஆயினும், ‘அங்கே ஒன்றுமில்லை, வெறும் பாறை’ என்று எவரேனும் கோப்பில் எழுதும் நாளில், நீதிமன்றத்தில் காட்ட நம் கையில் ஒரு தாள் வேண்டாமா?

உங்கள் ஊராட்சியில் அக்குழு என்றேனும் கூடியதுண்டா? அடுத்த கிராமசபையில் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். உங்கள் ஊர்ச் சுனையின் பெயர் அதில் இல்லையெனில், அன்றே எழுதச் சொல்லுங்கள்.