புயல் ஓய்ந்த மறுநாள்

செம்பவாங்கில் வெந்நீரூற்று உண்டு, பனிமலை இல்லை. ஆனாலும், ஆண்டிறுதி விடுமுறையில் ஜப்பானின் ஹொக்கைடோவுக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போகும் மாணவர்கள் உங்களில் இருக்கலாம். உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: பனிப்புயல் ஓய்ந்த மறுநாள், கயிறு கட்டிய எல்லையைத் தாண்டாதீர்கள்.

வானம் தெளிந்தால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்கிறோம். அறிவியல் வேறு சொல்கிறது. புயலில் விழுந்த புதுப்பனியின் எடை அடியிலுள்ள அடுக்கை அழுத்துகிறது. அந்த அடுக்கு வலுவற்றதாக இருந்தால், அதை உடைக்க ஒருவரின் எடையே போதும். மேலிருக்கும் பனி பலகைபோல் பெயர்ந்து சரியும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் இது அதிகம் நேர்கிறது. முன்னே யாரோ சென்ற தடம் இருப்பதும் பாதுகாப்புக்குச் சான்றல்ல.

புதையுண்டவரை ஏறக்குறைய 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கவேண்டும். பிறகு பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறையும். மீட்புக் குழுவுக்குக் காத்திருக்க நேரமிராது. அதனால்தான் அனுபவசாலிகள் ஒவ்வொருவரும் சமிக்ஞைக் கருவி, பனியைத் துழாவும் கோல், மண்வாரி மூன்றையும் சுமக்கிறார்கள். அன்றைய பனிச்சரிவு அறிக்கையைப் படிக்கிறார்கள். சந்தேகமான சரிவை ஒவ்வொருவராகக் கடக்கிறார்கள். அந்தப் பயிற்சி இல்லாத நமக்குக் கயிறுதான் காவல்.

பனிச்சரிவின் துயரம் தமிழருக்குப் புதிதல்ல. 2016 பிப்ரவரி 3ஆம் தேதி, சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேரைப் பனி புதைத்தது. நால்வர் தமிழ்நாட்டவர். ஆறு நாள் கழித்து உயிருடன் மீட்கப்பட்ட ஒருவரும் பிறகு மருத்துவமனையில் இறந்தார். அவர்களை அங்கே நிறுத்தியது கடமை. நம்மை அழைப்பது ஆசை மட்டுமே. அதற்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல நம்மால் முடியும்.