எது சிக்கனம்?

ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ற் நகரம் 2014ஆம் ஆண்டு, செலவைக் குறைப்பதற்காகக் குடிநீரைப் பிளின்ற் ஆற்றிலிருந்து பெறத் தொடங்கிற்று. அப்பொழுது அந்நகரை ஆண்டவர் மக்கள் தெரிந்தெடுத்தவரல்லர். மாநில அரசு நியமித்த அதிகாரி. குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்து நீரிற் சேர்க்கப்படவில்லை. பழைய குழாய்களின் காரீயம் கரைந்து, குழந்தைகளின் குருதியிற் கலந்தது.

2020இல் மாநில அரசு 60 கோடி டொலர் நட்டஈடு வழங்க உடன்பட்டது. இதுவோ சிக்கனம்? குழந்தையின் மூளைக்கு நேர்ந்த ஊறு பணத்தால் மாறுமா?

காரீயக் குழாய்களை மாற்றுவதற்கென 2021ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் 1,500 கோடி டொலர் ஒதுக்கிற்று. இது அரசின் தயவன்று, வரியிறுப்போரின் உரிமை. நட்டஈடு வழக்காடிப் பெறுவது. தூய நீரோ வழக்கின்றியே கிடைக்க வேண்டியது.