உழைப்பு உடற்பயிற்சி ஆகாது: சப்ரகமுவத் தோட்ட மக்களின் கோரிக்கைச் சாசனம்

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழும் நாங்கள், அரசாங்கத்திடமும் மாகாண நிர்வாகத்திடமும் பிரதேச சபைகளிடமும் தோட்டக் கம்பனிகளிடமும் தொழிற்சங்கங்களிடமும் இச்சாசனத்தை முன்வைக்கிறோம்.

"நாள் முழுதும் மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு உடற்பயிற்சி எதற்கு?" என்று கேட்கிறார்கள். இறப்பர்ப் பால் வெட்டுகிறவர் விடியற்காலையிலேயே மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்கிறார், வாளி சுமந்து சரிவில் இறங்குகிறார். கொழுந்தெடுக்கும் பெண் மணிக்கணக்காக நின்றபடி முதுகிலும் தலையிலும் பாரம் தாங்குகிறார். எப்போது ஓய்வது என்பதை அவர் உடல் தீர்மானிப்பதில்லை, கிலோக் கணக்குத் தீர்மானிக்கிறது. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் கூலிதான். இந்த உழைப்பில் முதுகும் முழங்காலும் தேய்கின்றன.

2018இல் பிரித்தானிய விளையாட்டு மருத்துவ இதழ் 17 ஆய்வுகளின் தொகுப்பாய்வு ஒன்றை வெளியிட்டது. கடும் உடலுழைப்பு வேலை செய்யும் ஆண்களுக்கு, குறைந்த உடலுழைப்பு வேலை செய்வோரைவிட முன்கூட்டியே இறக்கும் ஆபத்து 18 சதவீதம் அதிகம் என்று அது கண்டது. மாறாக, ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் நடையும் விளையாட்டும் ஆயுளைக் கூட்டுகின்றன. வளர்ந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி. இளைப்பாறலும் ஓய்வும் மனித உரிமை என்று 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் 24ஆம் உறுப்புரையில் சொல்கிறது. அந்த உரிமையைத்தான் கேட்கிறோம்.

எமது கோரிக்கைகள்:

1. நேரம்: கொழுந்து நிறுக்கக் காத்து நிற்கும் நேரமும் வேலை நேரமே. குறித்த மணிக்கு வேலை முடிய வேண்டும். லயத்து (வரிசைக் குடியிருப்பு) வாசலுக்குக் குடிநீர்க் குழாய் வர வேண்டும். தண்ணீர் சுமக்கச் செலவாகும் நேரம் பெண்களுக்கு மிஞ்சட்டும்.

2. இடம்: பிரட்டுக்களத்தை (காலையில் வேலைக்கு ஆள் கூடும் திடலை) மாலையிலும் ஞாயிறிலும் மக்களுக்குத் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு விளையாட்டிடம் ஒதுக்குங்கள். 2016 மே மாதம் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் மண்சரிவு உயிர்களைக் கொண்டுபோனதை நாங்கள் மறக்கவில்லை. ஆகவே அந்த விளையாட்டிடம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்து ஒப்புதல் தந்த நிலமாக இருக்க வேண்டும்.

3. கூரையும் வெளிச்சமும்: மழை ஓயாத மண் இது. கூரையிட்ட பொது மண்டபமும், லயத்துப் பாதைகளில் விளக்கும் வேண்டும்.

4. பிரதேச சபை: 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. இனிச் சாக்குச் சொல்லாமல் ஆண்டுதோறும் நிதி ஒதுக்குங்கள்.

5. சுகாதாரம்: சுகாதார அமைச்சின் ஆரோக்கிய வாழ்வு நிலையப் பணி ஞாயிறுகளில் தோட்டத்துக்கே வர வேண்டும். தமிழ் பேசும் பணியாளர் இரத்த அழுத்தமும் சீனியும் பார்த்து, முதுகுக்கும் முழங்காலுக்கும் ஏற்ற பயிற்சி சொல்லித்தர வேண்டும்.

6. பயிற்றுநர்: பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் விளையாட்டு விஞ்ஞானம் கற்பிக்கிறது. அதன் மாணவர்களின் களப்பயிற்சிக்குத் தோட்டங்களையும் சேருங்கள்.

7. பெண்கள்: இளைஞர்கள் கரப்பந்தோ கிரிக்கெட்டோ ஆடுகிறார்கள். பெண்களுக்கென்று பொழுதும் இடமும் இல்லை. மாலையில் பிள்ளை மடுவத்தை (குழந்தைப் பராமரிப்பு நிலையத்தை) ஒரு மணிநேரம் கூடுதலாகத் திறந்து வையுங்கள். கும்மி, கோலாட்டம், நடைக்குழு, எறிபந்து எதுவாயினும் அவர்களே தெரிவு செய்யட்டும்.

8. கணக்கெடுப்பு: வேலையில் எவ்வளவு உடலியக்கம், ஓய்வில் எவ்வளவு என்று பிரித்துக் கேட்டு, தோட்டங்களின் நிலையைத் தனியாக வெளியிடுங்கள். தோட்டத்தை விட்டுக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளையும், ஓய்வுபெற்ற முதியோரையும் அதில் சேருங்கள்.

எமது உறுதிமொழி: ஆண்கள் சமையலிலும் விறகு, தண்ணீர் வேலையிலும் பங்கெடுப்போம். விளையாடப் போகும் பெண் பிள்ளைகளையும் மருமக்களையும் தடுக்க மாட்டோம். கிடைக்கும் இடத்தைத் தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கங்களும் சேர்ந்து பராமரிப்போம்.

பிரட்டுக்களத்தைத் திறக்கவும் நிறுவைக் காத்திருப்பைக் குறைக்கவும் பெரும் பணம் வேண்டாம். அவற்றை இந்த மாதமே தொடங்குங்கள். மற்றவற்றுக்கு அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் நிதி ஒதுக்கி, ஒவ்வொரு கோரிக்கைக்கும் எழுத்தில் பதில் தாருங்கள்.