தோலுக்கு மோப்ப சக்தி உண்டா? முதல்ல ஆன்டிபாடியைக் காட்டுங்க!

"உங்க தோலும் வாசனை பிடிக்கும்"ங்கிற மாதிரி செய்தி அப்பப்ப கண்ணில் படும். விந்தணுவில் வாசனை ஏற்பி, புராஸ்டேட்டில் வாசனை ஏற்பி, முடி வேரில்கூட. படிக்க ஜோராத்தான் இருக்கு. ஆனா நான் முதலில் தேடறது, எந்த ஆன்டிபாடியை வச்சுப் பார்த்தாங்க, அதை எப்படிச் சோதிச்சாங்கங்கிறதைத்தான்.

வாசனை ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991-ல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் ரெண்டு பேரும் கண்டுபிடிச்சாங்க. 2004-ல் நோபல் பரிசு. மனுஷனுக்கு வேலை செய்யற ஏற்பி வகைகள் சுமார் 400. அதில் ஒண்ணை மட்டும் "இதோ இங்க இருக்கு"ன்னு காட்டத்தான் ஆன்டிபாடி. வழக்கமான முறை என்னன்னா, அந்தப் புரதத்தின் ஒரு சின்னத் துண்டை முயலுக்கு ஊசி போட்டு, முயல் ரத்தத்தில் உண்டாகிற ஆன்டிபாடியைப் பிரிச்செடுத்து திசுமேல் விடணும். அது ஒட்டின இடம் சாயத்தால் மின்னும்.

கேட்க சுலபம். ஆனா இந்த ஏற்பி, செல்லின் சவ்வை ஏழு தடவை ஊடுருவி வளைஞ்சு நிக்கிற ஆசாமி. வெளியே நீட்டிக்கிட்டிருக்கிறது கொஞ்சம்தான். போதாக்குறைக்கு அதே முகஜாடையில் நானூறு பங்காளிகள்! ஆய்வகத்தில் வேற செல்லில் உற்பத்தி பண்ணினா, பல ஏற்பிகள் சவ்வுக்கே வராம உள்ளேயே முடங்கிடும். அதனால ரோடாப்சினோட (கண்ணில் இருக்கிற ஒளி ஏற்பி) முன்துண்டை ஒட்டவச்சு, அந்தத் துண்டைப் பிடிக்கிற ஆன்டிபாடியால் கண்டுபிடிக்கிறாங்க. நல்ல தந்திரம். ஆனா நாமே செஞ்ச செல்லில்தான் செல்லுபடியாகும், மனுஷத் தோலில் ஆகாது.

மூக்குக்குள்ளேயாவது ஒரு பொய் கண்டுபிடிக்கும் கருவி இருக்கு. அங்கே பொதுவா ஒரு நரம்பு செல்லில் ஒரே ஒரு வகை ஏற்பிதான். அப்போ சரியான ஆன்டிபாடின்னா அங்கொண்ணும் இங்கொண்ணுமா சில செல்தான் மின்னணும். மொத்தமும் தீபாவளி மாதிரி மின்னினா சந்தேகமே வேணாம், ஆன்டிபாடி தப்பு. தோலில், முடியில் இந்த வசதி கிடையாது. பரபரப்புச் செய்தியெல்லாம் அங்கிருந்துதான் வருது :-)

எல்லாமே புருடான்னு சொல்லலை. 2014-ல் ஜெர்மனியின் போகம் பல்கலைக்கழகக் குழு, தோல் செல்லில் ஓஆர்2ஏடி4 ஏற்பி இருக்கு, சாண்டலோர்ங்கிற செயற்கைச் சந்தன வாசனை அதைத் தூண்டுதுன்னு சொன்னாங்க. மரபணுவை அடக்கினா விளைவும் குறையுதான்னு சோதிச்சுப் பார்த்தாங்க. இதான் முறை.

2023-ல் யச்சரோஸ்ங்கிற குழு, நரம்பியல் தொடர்பான 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளைச் சோதிச்சு வெளியிட்டது. தோத்துப்போன ஆன்டிபாடிகளை நம்பி ஒவ்வொரு புரதத்துக்கும் சராசரியா 12 ஆய்வுக் கட்டுரைகள் வந்திருந்துச்சாம்! அவங்க செஞ்சது ரொம்ப எளிமை. மரபணுவை நீக்கின செல்லையும் நீக்காத செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பார்த்தாங்க. நீக்கின பிறகும் மின்னுதுன்னா அது வேற எதையோ பிடிச்சிருக்கு.

வாசனை ஏற்பி பத்தின ஆய்வை வெளியிடற இதழ்கள் இந்த ஒரு படத்தைக் கட்டாயம் கேக்கணும்ங்கிறது என் கட்சி. செலவாகும், நாளாகும்னு பதில் வரும். பன்னிரண்டு கட்டுரைக்கு ஆன செலவை யாராவது கூட்டிப் பார்த்தாங்களா?