நாவலின் ஓரத்தில் நமக்கும் இடம் உண்டு

நாவலில் பென்சிலால் எழுதுவதைக் கண்டால் பதறுகிறவர்கள் நம் வீடுகளில் அதிகம். கால் பட்டாலே புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற நாம் அதில் கோடு கிழிப்பதா என்று கேட்பார்கள். அந்த மரியாதை எனக்கும் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன். நம் மனதைப் பிடித்துக்கொண்ட நாவலுக்கு நாம் பதில் சொல்ல வேண்டும். அதற்கு ஏற்ற இடம் பக்கத்தின் ஓரம்.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யையே எடுத்துக்கொள்கிறேன். 1972இல் வெளிவந்த நாவல். சிங்கம்புணரியில் பிறந்த சிங்காரம் இளம் வயதிலேயே கப்பலேறி இந்தோனேசியாவின் மேடானில் வேலை பார்த்தவர்; திரும்பி வந்து மதுரையில் ‘தினத்தந்தி’யில் பணியாற்றினார். மேடானுக்குள் ஜப்பானியப் படை நுழைவதில் தொடங்கும் கதை, பினாங்கு, இந்திய தேசிய ராணுவம், இந்தோனேசிய விடுதலைப் போர் என்று பாய்கிறது. முதல் வாசிப்பில் அந்த வேகத்துக்கு நம்மைக் கொடுத்துவிட வேண்டும். பென்சிலைக் கையில் எடுப்பது மறுவாசிப்பில்தான்.

என் பிரதியின் பின் அட்டை உட்புறத்தில் ஒரு கால வரிசை இருக்கிறது. 1941 டிசம்பரில் பினாங்கு விழுந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர், மார்ச்சில் மேடான். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். 1945 ஆகஸ்ட் 15இல் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. 17ஆம் தேதி இந்தோனேசியா விடுதலையை அறிவித்தது. கடைசி இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து எழுதியபோதுதான் நாவலின் பிற்பகுதி எனக்குத் திறந்தது. பழைய அரசு போய்ப் புதிய அரசு வேரூன்றாத அந்த இடைவெளியில், கதைநாயகன் பாண்டியனைப் போன்ற வெளியூர்க்காரன் யார் பக்கம் நிற்பது? வேகமாகப் படித்தபோது எனக்குத் தோன்றாத கேள்வி அது.

சொற்கள் இன்னொரு வழி. அடுத்தாள், பெட்டியடிப் பையன், கிட்டங்கி என்று செட்டியார் வட்டிக்கடைகளின் சொற்கள் நாவல் முழுக்க வருகின்றன. என் தாத்தா பினாங்கில் அப்படி ஒரு கடையில் அடுத்தாளாக இருந்தவர். கோடிட்ட சொற்களை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “கிட்டங்கின்னா நீளமான கூடம்டி. ஒவ்வொரு கடைக்காரரும் ஆளுக்கொரு பெட்டியப் போட்டு வரிசையா உக்காந்திருப்பாகளாம், ஐயா சொல்லுவாக” என்றார். அதை அப்படியே அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். தாத்தாவைப் பற்றி அம்மா அன்று பேசிய அளவுக்கு அதற்கு முன் பேசியதில்லை.

சிங்காரம் நினைவையும் நிகழ்வையும் முன்னறிவிப்பின்றிக் கலப்பவர். மேடானில் நிற்கும் பாண்டியனின் மனம் மதுரைத் தெருவுக்கும் சின்னமங்கலத்துச் சந்தைக்கும் போய்விடும். அந்த இடங்களில் எல்லாம் ஓரத்தில் ‘ஊர்’ என்று மட்டும் குறித்தேன். ஊர் எந்த நேரத்தில் அவனுக்கு நினைவு வருகிறது என்று பார்த்துக்கொண்டே போனால், அவன் வாய்விட்டுச் சொல்லாத தனிமை தெரியவரும்.

இப்படிப் படிப்பது தமிழுக்குப் புதிதல்ல. நூலும் உரையும் சேர்ந்தே வாழ்ந்த மொழி இது. உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அச்சேற்றியபோது அடியார்க்குநல்லார் உரையையும் சேர்த்தே பதிப்பித்தார். மறைந்துபோன இசை, நாடக நூல்கள் பலவற்றின் பெயரே அந்த உரை வழியாகத்தான் நமக்குத் தெரியவந்தது. காப்பியத்துக்கு உரை எழுதிய மரபில் வந்தவர்கள் நாவலின் ஓரத்தில் நாலு வார்த்தை எழுதத் தயங்குவானேன்?

குறிப்பெடுத்தால் வாசிப்பின் இன்பம் போய்விடும் என்பார்கள். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் மை பூசினால் போகத்தான் செய்யும். கோடு மட்டும் இட்டால், பிடித்தது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. ஏன் பிடித்தது, எங்கே உறுத்தியது, முன்பு எந்தப் பக்கத்தில் இதே பேச்சு வந்தது என்று ஒரு வரி எழுதினால்தான் யோசித்ததாக அர்த்தம். பேனா வேண்டாம், மை மறுபக்கத்தில் ஊறும். நூலகப் புத்தகத்திலும் இரவல் புத்தகத்திலும் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. அவற்றுக்குத் தனி நோட்டு போதும்.

எழுதியதற்குக் கீழே ஆண்டைக் குறித்து வையுங்கள். பத்து ஆண்டு கழித்து அதே நாவலைத் திறக்கும்போது, பாத்திரங்களோடு அன்றைய உங்களையும் சந்திப்பீர்கள். அன்று கோபப்பட்ட இடத்தில் இன்று இரக்கம் வரலாம். அடுத்து உங்கள் பிள்ளை அதைப் படிக்கும்போது, நீங்கள் எதைக் கண்டு கலங்கினீர்கள் என்று அதற்குத் தெரியும்.

உங்களுக்கு மிகப் பிடித்த தமிழ் நாவல் ஒன்றை இந்த வாரம் மறுபடி எடுங்கள். கூடவே ஒரு பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.